பின்கதவு தள்ளினா திறக்கும்

பூட்டுக்காரருக்கு மனிதர்களின் பெயர் நினைவில் நிற்காது. முகமும் சுமார்தான். ஆனால் ஒரு தடவை கைவைத்த பூட்டை அவர் மறந்ததாகச் சரித்திரம் கிடையாது. தெருவில் எதிரே வருகிறவர் நின்று நலம் விசாரித்தால், இவரும் வாய் நிறையச் சிரித்து விசாரித்துவிட்டு, நாலடி தள்ளி வந்ததும் மனைவியிடம், "ரெண்டாவது மாடி, பித்தளை நாதாங்கி, கீல்ல எண்ணெய் இல்லாம கத்துமே, அந்த வீடு" என்பார். அந்த ஆள் பேர் என்ன என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்.

அதனால் அவருடைய போனில் பெயர்களே கிடையாது. 'மஞ்ச கேட்டு, மேல்தாழ்ப்பாள் ஆடும்.' 'மருந்துக்கடை, ஷட்டர் இடப்பக்கம் பிடிக்காது.' 'நாய் வீடு, நாய் கடிக்காது.' 'பல் டாக்டரம்மா, பின்கதவு தள்ளினா திறக்கும்.' இப்படித்தான் இருக்கும். கூப்பிடுவது யார் என்று தெரியாவிட்டாலும், எந்தப் பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பது திரையைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். தொழிலுக்கு அது போதும் என்பது அவர் கட்சி. மனைவி தையல்காரிக்கு அந்தப் பெயர்களைப் படித்துச் சிரிப்பது ஒரு பொழுதுபோக்கு. தன் பேர் எப்படி இருக்கிறது என்று ஒருநாள் தேடிப் பார்த்தாள். 'வீடு, நாதாங்கிக்குக் கயிறு' என்று இருந்தது.

பொய் இல்லை. ஊருக்கெல்லாம் பூட்டுப் போடுகிற மனுஷன் வீட்டில் நாதாங்கி என்றோ பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அந்த இடத்தில் ஒரு கயிற்றுத் துண்டைக் கோத்து ஆணியில் மாட்டியிருந்தார். தையல்காரி கேட்டுக் கேட்டு வாய் வலித்து விட்டுவிட்டாள். "நம்ம வீட்டுல என்ன இருக்கு? திருடன் வந்தா அவனே பாவப்பட்டு ஏதாவது வச்சிட்டுப் போவான்" என்பார். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் கதவைத் தட்டுகிற வழக்கமே இல்லை. முழங்காலால் ஒரு முட்டு, பை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம்.

பள்ளிக்கூடம் லீவுக்கு மூடிவிட்டால் தையல்காரிக்கு வேலை கிடையாது. சீருடை தைக்கிறவளுக்கு அதுதான் தலையெழுத்து. முன்னறையில் மெஷின் துணி போர்த்திக்கொண்டு நிற்கும். பூட்டுக்காரருக்கோ நேர் எதிர். ஊரே வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிற மாதம் அது. பூட்டு வாங்க, சாவி வெட்ட, பழைய தாழ்ப்பாளை மாற்ற என்று நிற்க நேரமிருக்காது. கடை என்றால் பெரிய கடை இல்லை, இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டும். தகரக் கூரை வெயிலில் வெந்துகொண்டிருக்கும். சாவி வெட்டும் மெஷின் கிரீச்சென்று கத்தக் கத்த, பித்தளைத் தூள் பறந்து அவருடைய முன்கை ரோமத்தில் மினுங்கும். அந்த மாதத்தில் தையல்காரியும் போய் உட்கார்ந்து, வெட்டின சாவிகளின் பிசிரை அரத்தால் ராவிக் கொடுப்பாள். சம்பாத்தியம் உண்டு. ஆனால் கையில் வருவதெல்லாம் மறு சரக்கு வாங்கப் போய்விடும், மிச்சம் என்று கண்ணில் தெரிவது மாதக் கடைசியில்தான்.

மாதத் தொடக்கத்திலேயே தையல்காரியின் அக்கா கூப்பிட்டுவிட்டாள். வருஷா வருஷம் அக்கா குடும்பம் கடற்கரையில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துப் போய்த் தங்கும். இந்த வருஷம் பெரிய வீடாம், இரண்டு குடும்பம் தாராளமாகப் புழங்கலாமாம், வாடகையில் பாதி கொடுத்தால் போதுமாம். தையல்காரி உடனே சரி என்று சொல்லிவிட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றுதான் சொல்ல நினைத்தாள். போன வருஷம் அப்படித்தான் சொன்னாள். அதற்கு அக்கா, "உங்களுக்கு எதுக்குடி சிரமம், நாங்க போட்டோ அனுப்பறோம்" என்றாள். அக்கா நல்ல மனசோடுதான் சொன்னாள். போட்டோவும் அனுப்பினாள். அந்த வார்த்தை ஒரு வருஷமாகத் தொண்டையிலேயே நிற்கிறது.

மாதம் பாதியானபோது ஒரு மத்தியானம், கடையில் ரொட்டியையும் அவித்த முட்டையையும் பிரித்து வைத்துக்கொண்டு பேச்சை ஆரம்பித்தாள். கடன் கொடுக்கிற ஆப் பற்றிச் சொன்னது தையல் மெஷின் ரிப்பேர் பார்க்க வந்தவர். போனிலேயே கேட்டால் போனிலேயே வந்துவிடும், ஆள் பார்க்க வேண்டாம், ஜாமீன் வேண்டாம். நூறு கேட்டால் எண்பத்தைந்து கைக்கு வரும். இரண்டு வாரத்தில் நூற்றுப் பத்தாகக் கட்ட வேண்டும்.

பூட்டுக்காரர் முட்டையைக் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "எம்பத்தஞ்சு வாங்கி நூத்திப் பத்து கட்டுறதா?" என்றார்.

"ரெண்டு வாரத்துல உங்க கைக்குப் பணம் வந்துடுமே. வந்ததும் கட்டிடலாம். நடுவுல ஒரு கைமாத்து மாதிரிதான்."

"கைமாத்துக்கு யாராவது வட்டி கேப்பாங்களா? இங்க பாரு, ஆஸ்பத்திரின்னா வாங்கலாம். கூரை ஒழுகுதுன்னா வாங்கலாம். கடல் பாக்கறதுக்கா? கடல் எங்கயும் ஓடிடாது. சீசன் முடியட்டும், நம்ம காசுல போவோம்."

"சீசன் முடிஞ்சா ஸ்கூல் தொறந்துடும். ஊருக்கெல்லாம் லீவு விட்டா உங்களுக்கு வேலை. உங்களுக்கு வேலை இல்லாதப்ப எனக்கு வேலை. நமக்கு லீவு எப்பங்க?"

அவர் முட்டை ஓட்டைப் பொறுக்கிக் காகிதத்தில் மடித்தார்.

"கடல் ஓடிடாது, சரி," என்றாள் தையல்காரி. "பொண்ணு நிக்குமா? இன்னும் ரெண்டு வருஷம் போனா நம்மளோட வர்றதுக்கே கூச்சப்படுவா. கிளாஸ் பூரா சொல்லி வச்சிருக்கா, நான் கடலுக்குப் போறேன்னு."

"யாரு சொல்லச் சொன்னது?"

"நான்தான்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மெஷினைப் போடுவதற்கு முன்னால், "உன் இஷ்டம்" என்றார்.

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்ல மனசில்லாதபோது அவர் சொல்லும் வார்த்தை அது. தெரிந்தே அவள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கட்டையைச் சாய்த்திருந்த நேரத்தில் அவர் போனை எடுத்தாள். அந்தப் போனுக்கும் பூட்டுக் கிடையாது. அவருடைய அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பினாள், கடையின் படத்தையும் அனுப்பினாள். இடத்தைப் பார்க்கலாமா என்று ஆப் கேட்டது, அனுமதி என்று அழுத்தினாள். படங்களைப் பார்க்கலாமா, அனுமதி. போனில் உள்ள தொடர்புகளைப் பார்க்கலாமா, அனுமதி. பார்த்துவிட்டுப் போகட்டும், கண் பட்டுத் தேய்ந்தா போகும் என்று நினைத்தாள். அவர் புரண்டு படுப்பதற்குள் பணம் வந்துவிட்டது. வந்த சூட்டோடு அக்காவுக்குப் போயும்விட்டது. மிச்சத்தில் மகளுக்கு மணலில் நடக்க ஒரு நீல ரப்பர் செருப்பு வாங்கினாள்.

பணம் ஏற்பாடாகிவிட்டது என்று அவரிடம் சொன்னாள். "யூனிபார்ம் கடைக்காரர் முன்பணம் குடுத்தாரா?" என்று அவரே கேட்டார். அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையை ஒரு மாதிரி ஆட்டிவைத்தாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. கடையை நாலு நாள் பூட்டினால் குடியா முழுகிவிடும் என்று மகளிடம் சொல்லிச் சிரித்தார். மகள் அந்தச் செருப்பைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தூங்கினாள். தையல்காரிக்குத்தான் தூக்கம் பிடிக்கவில்லை. சொல்லிவிட வேண்டும், சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நாக்கு நுனி வரை கொண்டுவந்து விழுங்கினாள்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் பல் டாக்டரம்மா கடைக்கு வந்தார். வழக்கமாக ஆளனுப்புகிறவர் தானே வந்து தெருவில் நின்றார். தையல்காரி ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். டாக்டரம்மா உட்காரவில்லை.

"உங்க போன்ல என் பேர் எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

பூட்டுக்காரர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். "அது சும்மா ஒரு அடையாளத்துக்குப் போடறதும்மா."

"காலைல ஒருத்தன் போன் பண்ணினான். ரொம்ப மரியாதையான குரல். 'பல் டாக்டரம்மா பின்கதவு தள்ளினா திறக்கும், இது நீங்கதானே மேடம்?'னு கேட்டான்."

மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பூட்டுக்காரர் அதை நிறுத்தினார்.

"நீங்க அவங்ககிட்ட கடன் வாங்கியிருக்கீங்களாம். சரிபார்க்கக் கூப்பிடறானாம். நீங்க கட்டலைன்னா நான் எடுத்துச் சொல்லணுமாம். உங்க கடன் உங்க விஷயம். எங்க வீட்டுப் பின்கதவு அவனுக்கு எப்படித் தெரியும்? நாளைக்கு நாங்க எல்லாரும் ஊருக்குக் கிளம்பறோம்."

தையல்காரி ராவுவதை நிறுத்தினாள். அரம் கையிலேயே இருந்தது. அனுமதி, அனுமதி என்று விரல் அழுத்தியது மட்டும் கண்முன் வந்து வந்து போயிற்று.

பூட்டுக்காரர் சிரிப்பை விடவில்லை. "யாரோ ஏமாத்துக்காரன்மா. நான் கடனே வாங்கறதில்ல. கடைக்குச் சரக்குகூடக் கைக்காசுலதான். என் பொண்ணு மேல சத்..."

"நான்தான் வாங்கினேன்" என்றாள் தையல்காரி.

பெண்ணின் பேரில் அவர் சத்தியம் செய்துவிடுவதற்குள் சொல்ல வேண்டும் என்ற ஒரே பதற்றம்தான். கணவரிடம் தனியாகச் சொல்ல வேண்டியதைக் கடை வாசலில், வாடிக்கையாளர் முன்னால் சொல்லியாயிற்று. அவர் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கணக்குப் புரியாத பிள்ளையைப்போல் அவளையே பார்த்தார்.

பிறகு பையை எடுத்தார். "இப்பவே வந்து மாத்திடறேன்மா. பின்கதவு, முன்கதவு ரெண்டும். காசு வேண்டாம்."

டாக்டரம்மா கொஞ்சம் தயங்கினார். "இல்ல, வேற ஆளுக்குச் சொல்லியாச்சு," என்றார். "எங்க வீட்டு மாத்துச் சாவி ஒண்ணு உங்ககிட்ட இருக்கும். அதைக் குடுத்துடுங்க."

சாவி உள்பலகையில் கொக்கியில் தொங்கியது. பூட்டுக்காரர் அதைத் துணியால் துடைத்துக் கொடுத்தார். டாக்டரம்மா வாங்கிக் கைப்பையில் போட்டு, பையின் வாயை இழுத்து மூடிக்கொண்டு போனார். அவர் தெருமுனை திரும்பும்வரை இரண்டு பேரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போன்ல இருக்கற எல்லாப் பேரும் போயிடுச்சா?" என்று பூட்டுக்காரர் கேட்டார்.

"ஆமாங்க."

"எல்லாமா?"

அவள் அழுதுவிட்டாள். அவர் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினார், சீசன் நேரத்தில், காலை வேளையில். கடனில் இருக்கிற பூட்டுக்காரனிடம் யார் சாவி கொடுப்பார்கள்? அது ஒரு பக்கம். எந்த வீட்டில் எந்தக் கதவு ஆடும், எந்த ஷட்டர் பிடிக்காது, எந்த நாய் கடிக்காது என்பதெல்லாம் முகம் தெரியாத எவனிடமோ இருக்கிறது. அதுவும் ஊரே வெளியூர் போகிற மாதத்தில். அவன் திருடுவான் என்று இல்லை. ஆனால் திருட மாட்டான் என்று யார் சொல்வது?

அவள் ஒவ்வொரு பெயராகப் படித்தாள். அவர் ஒவ்வொருவரையும் கூப்பிட்டார். தப்பு நடந்துபோச்சு, உங்க பூட்டு விவரம் வெளியே போயிடுச்சு, நானே வந்து மாத்தித் தர்றேன், காசு வேண்டாம். சிலர் புரியாமல் சிரித்தார்கள். மருந்துக்கடைக்காரர் கத்தின கத்தலை ஸ்டூலில் இருந்தவளாலும் கேட்க முடிந்தது. மஞ்சள் கேட்டு வீட்டுக்காரர் பாதியிலேயே போனை வைத்துவிட்டார். நாய் வீட்டு மாமி மட்டும், "அதைப் போயி கடிக்காதுன்னு எழுதி வச்சீங்களே, அது மானம் போச்சே" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை ஆயுசுக்கும் மறக்கக் கூடாது என்று தையல்காரி நினைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவர்களுக்கு வீடு வீடாக வேலை. சீசனுக்கு என்று வாங்கி அடுக்கிய புதுப் பூட்டுகளும் தாழ்ப்பாள்களும் ஒவ்வொன்றாகப் பெட்டியிலிருந்து இறங்கி, காசில்லாமல் மற்றவர்கள் கதவுகளில் ஏறின. அவர் திருகாணியை இறுக்குவார், அவள் டார்ச் பிடிப்பாள். கடையின் ஷட்டர் பாதியிலேயே நின்றது. சாவி வெட்ட வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார்கள்.

அக்காவிடம் பணத்தைத் திரும்பக் கேட்டதுதான் எல்லாவற்றிலும் கொடுமை.  அக்கா, "வீட்டுக்காரங்களுக்கு முன்பணம் போயிடுச்சேடி. அது திரும்பாது. பாதியை வேணா என் கையிலேர்ந்து தர்றேன். உங்க மாமாகிட்ட நான் பேசிக்கறேன்" என்றாள். போட்டோ அனுப்புகிறேன் என்று இந்தத் தடவை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

வந்த பாதியை உடனே கட்டினார்கள். மரியாதையான குரல் நன்றி சொல்லிவிட்டு, பாதி கட்டினாலும் முழுசுக்குத்தான் வட்டி என்று விளக்கியது. மீதியை எப்போது எதிர்பார்க்கலாம் சார் என்று தினமும் கூப்பிட்டுக் கேட்டது. ஒருநாள், உங்கள் கடை ஷட்டர் ரெண்டு நாளாகப் பாதிதான் திறந்திருக்கிறதாமே, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தது. பூட்டுக்காரர் போனை வைத்துவிட்டுத் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். காய்கறி வண்டி, தண்ணீர் பிடிக்கிற பெண்கள், சைக்கிளைத் துடைக்கிற ஒரு ஆள். எப்போதும் இருக்கிற ஆட்கள்தான்.

மகளிடம் பயணம் இல்லை என்று சொன்னதும் அவரே. வேலை வந்துவிட்டது, அடுத்த வருஷம் போகலாம் என்றார். மகள் அழவில்லை. "கிளாஸ்ல என்ன சொல்றது?" என்று மட்டும் கேட்டாள். தையல்காரி மெஷினைப் போர்த்தியிருந்த துணியை எடுத்து உதறி, மறுபடி போர்த்தினாள்.

ஆளில்லாத ஒரு வீட்டின் திண்ணையில் உட்கார்ந்து, வீட்டுக்காரருடைய தம்பி சாவி கொண்டுவருவதற்காகக் காத்திருந்தபோது அவள் சொன்னாள்: "ஒரு தடவை திட்டிடுங்களேன். உள்ளயே வச்சிருக்காதீங்க."

அவர் கைவிரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "எழுதி வச்சது நான்தானே. ஊரான் வீட்டு ஓட்டையெல்லாம் பேரு மாதிரி எழுதி வச்சேன். போனுக்கு ஒரு பூட்டு போடல."

"உன் இஷ்டம்னு நீங்க சொன்னப்பவே வேண்டாம்னு எனக்குத் தெரியும்ங்க."

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்" என்றார். "அதான் வாய்விட்டுச் சொல்லல. சொன்னா நான் கெட்டவனாயிடுவேனே. நீயா விட்டுடுவேன்னு பாத்தேன்."

 அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள், அவர் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். தம்பி வந்தான். வேலை நடந்தது.

போனில் இருந்த பெயர்களையெல்லாம் மாற்றிவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் சொந்தப் பெயரைக் கேட்டு மகள்தான் போட்டுக் கொடுத்தாள். இப்போது மணி அடித்தால் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏதோ ஒரு பெயர் வருகிறது, குரலும் பிடிபடவில்லை, ஷட்டர் வேலைக்குக் கதவுப் பையோடு போய் நின்று திரும்பி வருகிறார். அவள் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

அக்கா குடும்பம் கடலுக்குக் கிளம்பிய அன்று பூட்டுக்காரர் மத்தியானமே வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பெட்டி. அதில் கடையின் முன்பலகையில் அழகுக்கு மாட்டியிருந்த பூட்டு; விலையைக் கேட்டே எல்லோரும் நகர்ந்துவிடுவார்கள். கயிற்றை அறுத்துப் போட்டார். பழைய ஆணியைப் பிடுங்கினார். உளி வைத்துக் கதவைச் செதுக்கி, பூட்டைப் பொருத்தி, மேலே ஒரு தாழ்ப்பாளும் கீழே ஒரு தாழ்ப்பாளும் போட்டு, கீலுக்கு எண்ணெய் விட்டார். மரத்தூளை அவளே பெருக்கி எடுத்தாள். எத்தனையோ வருஷம் கெஞ்சிக் கேட்ட பூட்டு. சாவியை அவள் கையில் வைத்தபோது அது வெயிலில் கிடந்ததுபோல் சுட்டது.

"யார் தட்டினாலும் உடனே தொறக்காத," என்றார். "யாருன்னு கேளு. குரல் தெரிஞ்சாத்தான் தொறக்கணும்."

"நம்ம வீட்டுல என்ன இருக்கு, யாரு வரப்போறாங்க?" என்று கேட்க வாயெடுத்தாள். அது அவர் சொல்லும் வார்த்தை. கேட்கவில்லை.

அவர் கடைக்குப் போனதும் மேல்தாழ்ப்பாளைப் போட்டாள். கீழ்த்தாழ்ப்பாளைப் போட்டாள். சாவியைத் திருப்பிவிட்டு அடுப்படிக்குப் போய், உருளைக்கிழங்கை எடுத்து வைத்துக்கொண்டு தோல் சீவ உட்கார்ந்தாள்.

கதவில் முட்டுகிற சத்தம் கேட்டது. அவள் சீவுவதை நிறுத்தினாள். மறுபடி ஒரு முட்டு, இந்தத் தடவை பலமாக. அவள் எழுந்து ஓசைப்படாமல் வந்து கதவுக்கு இந்தப் பக்கம் நின்றாள். "யாரு?" என்றாள்.

வெளியே நீல ரப்பர் செருப்பு வாசற்படியில் ஒருதரம் தேய்ந்தது.

"அம்மா," என்றது மகளின் குரல். "நான்தான். நம்ம வீட்டுக்கு வர்றதுக்கு நான் யாருன்னு சொல்லணுமா?"

தையல்காரிக்குச் சாவி எந்தப் பக்கம் திரும்பும் என்று உடனே பிடிபடவில்லை.